நிக்கல் சும்மா நிற்பதில்லை: அற்கீன் ஐதரசனேற்றம் பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

மஸ்கெலியாவில் உயர்தரம் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சி, அற்கீனோடு, அதாவது காபன்–காபன் இரட்டைப் பிணைப்புள்ள ஐதரோகாபனோடு, ஐதரசனைச் சேர்க்கும் ஐதரசனேற்றம் பற்றிக் கேட்ட கேள்வி இது: "எதீனோடு ஐதரசன் சேர்ந்து எதேனாவது வெப்பம் வெளிவிடும் தாக்கம் என்று படிக்கிறோம். அப்படியென்றால் இரண்டு வாயுவையும் ஒரு போத்தலில் அடைத்து வைத்தாலே நடக்க வேண்டுமே? நிக்கல் எதற்கு? ஊக்கி தாக்கத்தில் பங்குபற்றாது என்று நோட்ஸில் இருக்கிறது. பங்குபற்றாத ஒன்று எப்படித் தாக்கத்தை விரைவாக்கும்? குளிருக்கு எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிறதே, அதுவும் ஐதரசனேற்றம்தானா?"

தங்கச்சி, உங்கள் நோட்ஸில் இருக்கிற அந்த ஒரு வரியை முதலில் வெட்டிவிடுங்கள். ஊக்கி தாக்கத்தில் பங்குபற்றுகிறது. உடைகிற பிணைப்பிலும் உண்டாகிற பிணைப்பிலும் அதன் கை இருக்கிறது. வேலை முடிந்ததும் பழையபடி வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். "பங்குபற்றாது" என்று எழுதிக் கொடுப்பதால்தான் இந்தப் பாடத்தில் மிச்சமெல்லாம் மனப்பாடமாகப் போகிறது. ஒரே பக்கத்தில் சேரும் என்று ஒரு வரி, நுண்தூளாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி, லிண்ட்லர் ஊக்கி என்று இன்னொரு வரி. ஒன்றுக்கொன்று உறவில்லாத வரிகளாகத் தெரியும். நிக்கலின் மேற்பரப்பில் நடப்பதைக் கண்ணால் பார்த்த மாதிரி ஒருமுறை விளங்கிக்கொண்டால் எல்லாம் ஒரே கதையாகிவிடும். இருபது வருடத்துக்கு மேலாக இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஒரு இடம் விளங்கிய பிள்ளை சேதன இரசாயனத்தைக் கண்டு பயந்து நான் பார்த்ததில்லை.

வெப்பத்திலிருந்து தொடங்குவோம். எதீனின் இரட்டைப் பிணைப்பை முழுதாக உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 612 கிலோ யூல் வேண்டும். ஐதரசன் மூலக்கூறை உடைக்க 436. மொத்தம் 1048. பதிலுக்கு ஒரு காபன்–காபன் ஒற்றைப் பிணைப்பும் (348) இரண்டு காபன்–ஐதரசன் பிணைப்பும் (ஒவ்வொன்றும் 413) கிடைக்கின்றன. மொத்தம் 1174. ஆக 126 கிலோ யூல் இலாபம். இது சராசரிப் பிணைப்புச் சக்திகளை வைத்துப் போட்ட கணக்கு. நேரடியாக அளந்த பெறுமானம் 137. இலாபமான தாக்கம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இலாபம் இருப்பதும் வழி இருப்பதும் வேறு வேறு. ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு ரயிலில் போயிருப்பீர்கள். நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. சுரங்கம் இல்லாவிட்டால் ரயில் அந்த மலைமேல் ஏறித்தான் மறுபக்கம் இறங்க வேண்டும். ரயிலால் அது முடியாத காரியம். மலையைக் குடைந்த பிறகு அதே இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையில் சுகமாகப் போய்வருகிறது. இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். சுரங்கம் வெட்டியதால் ஹட்டன் ஸ்டேஷன் உயரவும் இல்லை, கொட்டகலை ஸ்டேஷன் தாழவும் இல்லை. அதுபோல ஊக்கி போட்டாலும் போடாவிட்டாலும் 137 கிலோ யூல் 137 தான். இரண்டாவது, சுரங்கம் போகிற ரயிலுக்கும் வருகிற ரயிலுக்கும் பொது. நிக்கல் முன்தாக்கத்தை விரைவாக்கினால் பின்தாக்கத்தையும் விரைவாக்கும். அதனால்தான் ஐதரசனேற்றத்துக்கு உதவும் அதே வகை உலோகங்கள் உயர்ந்த வெப்பநிலையில் சைக்கிளோஎக்சேனிலிருந்து ஐதரசனைக் கழற்றிப் பென்சீனாக்கவும் உதவுகின்றன. சமநிலைத் தானத்தை ஊக்கி நகர்த்துவதில்லை என்று நோட்ஸில் இருக்குமே, அதன் பொருள் இதுதான்.

அந்த மலை ஏன் அவ்வளவு உயரம்? ஐதரசன் மூலக்கூறு மிக இறுக்கமான ஒன்று. 436 கிலோ யூல் என்பது சின்னத் தொகை இல்லை. அது முதலில் உடைந்துதான் சேர வேண்டுமென்றால் அந்தச் செலவை யார் போடுவது? உடையாமலே மெதுவாக எதீனின் பக்கத்தில் வந்து இரண்டு முனையாலும் ஒரேயடியாக ஒட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழியில்லை. ஐதரசனின் இலத்திரன் சோடி இருக்கும் ஒபிற்றல் (இலத்திரன் உலவும் இடம்) இரண்டு முனையிலும் ஒரே குறி உள்ளது. எதீனின் வெறுமையான பை ஒபிற்றலோ ஒரு முனையில் நேர், மறுமுனையில் எதிர். ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் தள்ளும். பல்கலைக்கழகம் போனால் இதை ஒபிற்றல் சமச்சீர் என்ற பெயரில் விரிவாகப் படிப்பீர்கள். இப்போதைக்கு, இரண்டும் நேருக்கு நேர் கைகுலுக்க முடியாத பேர்வழிகள், நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள்தான் நிக்கல்.

இனி மேற்பரப்புக்கு வருவோம். உலோகத்தின் உள்ளே இருக்கும் ஒரு நிக்கல் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அயல் அணுக்கள் இருக்கும். மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு மேல் பக்கத்தில் யாரும் இல்லை. பிணைய வேண்டிய கை கொஞ்சம் மிச்சமாக இருக்கிறது. ஐதரசன் மூலக்கூறு அங்கே வந்து இறங்கியதும் இரண்டு நிக்கல் அணுக்கள் ஆளுக்கு ஒரு ஐதரசனைப் பிடித்துக்கொள்கின்றன. ஐதரசன்–ஐதரசன் பிணைப்பு உடைகிறபோதே நிக்கல்–ஐதரசன் பிணைப்புகள் உருவாகிவிடுவதால் 436 கிலோ யூலை யாரும் கையிலிருந்து போடத் தேவையில்லை. இதைப் புறத்துறிஞ்சல் என்கிறோம். இது கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்ற விஷயமில்லை, உண்மையான இரசாயனப் பிணைப்பு. எதீனும் அதே மேற்பரப்பில் படுத்துக்கொள்கிறது. அதன் பை இலத்திரன்கள் (இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது பிணைப்பில் இருப்பவை) உலோகத்தோடு பிணைய, இரட்டைப் பிணைப்பு தளர்ந்துபோகிறது.

பக்கத்தில் இருக்கும் ஒரு ஐதரசன் அணு மேற்பரப்பில் நகர்ந்து வந்து ஒரு காபனோடு சேர்கிறது. இப்போது அது எதீனும் இல்லை, எதேனும் இல்லை. ஒரு காபனால் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எதைல் கூட்டம் (கூட்டம் என்றால் அணுத்தொகுதி). இந்தப் பாதிவழி நிலையை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கதையில் திரும்ப வரும். இரண்டாவது ஐதரசன் மற்றக் காபனோடு சேர்ந்ததும் எதேன் பிறக்கிறது. எதேனிடம் பை இலத்திரன் இல்லை, நிக்கலைப் பிடிக்கக் கையும் இல்லை. அது கழன்று போய்விட, அந்த இடம் அடுத்த மூலக்கூறுக்குக் காலியாகிறது. இந்தப் படிகளை 1934 இல் முன்வைத்தவர்கள் ஹொரியுட்டியும் பொலானியும். எதீனோடு சாதாரண ஐதரசனுக்குப் பதிலாகப் பார ஐதரசனை (இரு மடங்கு நிறையுள்ள ஐதரசன்) கொடுத்தால், விளைவில் இரண்டு பார ஐதரசன் உள்ள எதேன் மட்டும் வராது. ஒன்றுமே இல்லாததிலிருந்து ஆறும் உள்ளதுவரை எதேன் வகைகள் கலந்து வரும். மிஞ்சிய எதீனிலும் பார ஐதரசன் ஏறியிருக்கும். பாதிவழியில் நின்ற மூலக்கூறுகள் திரும்பிப் போகவும் செய்கின்றன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதைக் கண்டுபிடித்த கதையும் கேட்க வேண்டியது. பிரான்சின் துலூஸ் நகரத்தில் போல் சபாட்டியே என்ற இரசாயனவியலாளரும் செந்திரென்ஸ் என்ற பாதிரியாரும் 1897 இல் புதிதாகத் தயாரித்த நிக்கல்மேல் எதீனைச் சூடாகச் செலுத்திப் பார்த்தார்கள். கரி படிந்தது. கரி பிரிந்தால் வெளியே வருவது ஐதரசனாக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பகுதி எதேன். பிரிந்த ஐதரசன் மிஞ்சிய எதீனோடு சேர்ந்திருக்கிறது, சேர்த்துவைத்தது நிக்கல் என்று சபாட்டியே பிடித்துக்கொண்டார். அடுத்து எதீனையும் ஐதரசனையும் நேரடியாகவே கலந்து அனுப்பினார், எதேன் வந்தது. பிறகு பென்சீனையும் அப்படியே சைக்கிளோஎக்சேன் ஆக்கினார். 1912 இல் விக்டர் கிரிக்னாட்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிரிக்னாட் சோதனைப்பொருள் என்று நீங்கள் படிக்கிறீர்களே, அவரேதான்.

ஊக்கி தாக்கியோடு தற்காலிகமாக ஒரு சேர்வையை உண்டாக்குகிறது என்று அந்தக் காலத்திலேயே சபாட்டியே வாதாடினார். அந்தப் பிடி மிகத் தளர்வாக இருந்தால் மூலக்கூறு தங்காது, மிக இறுக்கமாக இருந்தால் விடுபடாது. அளவான பிடி உள்ள உலோகம்தான் நல்ல ஊக்கி. நிக்கல், பலேடியம், பிளாற்றினம் ஆகியவை இந்த இடத்தில் பொருந்துகின்றன. கந்தகச் சேர்வைகள் மேற்பரப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடத்தைக் காலிபண்ணுவதில்லை, அதனால்தான் அவற்றை ஊக்கி நஞ்சு என்கிறோம்.

நுண்தூள் ஏன் வேண்டும் என்பது இப்போது தானே விளங்கும். உள்ளே புதைந்திருக்கும் நிக்கல் அணு எதற்கும் உதவாது, வேலை நடப்பது முகப்பில் மட்டும். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள நிக்கல் கட்டிக்கு ஆறு சதுர சென்ரிமீற்றர் முகப்புத்தான் உண்டு. அதையே 10 நனோமீற்றர் பக்கமுள்ள துணுக்குகளாக நறுக்கினால் முகப்பு பத்து இலட்சம் மடங்காகி 600 சதுர மீற்றர் ஆகும். நம் காணிக் கணக்கில் ஏறத்தாழ 24 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர்). தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று பேசுகிறோமே, விரல்நுனியளவு உலோகத்துக்குள் மூன்று குடும்பத்துக்கான காணி மடிந்து கிடக்கிறது. அமெரிக்காவில் மறே றேனி என்பவர் 1920களில் செய்தது கிட்டத்தட்ட இதுதான். நிக்கலையும் அலுமினியத்தையும் உருக்கிக் கலப்புலோகமாக்கி, பிறகு சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போட்டு அலுமினியத்தைக் கரைத்தெடுத்தார். மிஞ்சியது தேன்கூடு போல ஓட்டை ஓட்டையான நிக்கல். றேனி நிக்கல் என்று இன்றும் அதே பெயரில் விற்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பலேடியம் ஏற்றிய கரித்தூளை ஊக்கியாகப் போட்டு ஐதரசனேற்றம் செய்து வடிகட்டினோம். வடிதாளைக் கொஞ்சம் கூடுதலாகக் காயவிட்டுவிட்டோம். கறுப்புத் தூளின் ஒரு ஓரத்தில் ஊசிமுனை அளவு சிவப்பு தெரிந்தது. அடுத்த கணம் தாள் விளிம்பிலிருந்து பற்றிக்கொண்டது. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை, பக்கத்தில் சுவாலையும் இல்லை. தூளில் பிடிபட்டிருந்த ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு அதே மேற்பரப்பில் சேர்ந்து சூடேறிவிட்டது. பலேடியம் தன் கனவளவைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு ஐதரசனை உள்வாங்கும் என்று 1860களிலேயே தோமஸ் கிரகாம் கண்டிருந்தார். புத்தகத்தில் வாசித்திருந்தும் அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்ட அன்றுதான் எனக்கு அது மண்டையில் ஏறியது. ஆகவே, ஐதரசன் தயாரித்து இதை வீட்டில் செய்துபார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை ஐதரசன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

ஒரே பக்கத்தில் சேர்வது பற்றி. அடுப்பில் ரொட்டி சுடும்போது தட்டில் படுகிற பக்கம்தான் சிவக்கும். அற்கீன் நிக்கலில் படுத்திருக்கிறது, ஐதரசன் அணுக்களும் அதே நிக்கலில்தான் இருக்கின்றன. ஆகவே இரண்டும் அடிப்பக்கமாகத்தான் வந்து சேர முடியும். எதீனில் இது வெளியே தெரியாது, ஏனென்றால் எதேன் சுழன்றுகொண்டே இருக்கும். வளையத்தில் தெரியும். 1,2-இருமெதைல்சைக்கிளோஎக்சீனை ஐதரசனேற்றினால் இரண்டு மெதைலும் ஒரே பக்கத்தில் நிற்கும் சிஸ் விளைவுதான் பெரும்பான்மை. முழுக்க முழுக்க இல்லை. பாதிவழியில் திரும்பிப் போகிற மூலக்கூறுகளால், மெதைல்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும் திரான்ஸும் கொஞ்சம் வரும். ஒரு பக்கம் பெரிய கூட்டம் துருத்திக்கொண்டிருந்தால் மூலக்கூறு அந்தப் பக்கத்தை மேலே விட்டு, இடைஞ்சல் குறைந்த பக்கத்தாலேயே மேற்பரப்பில் படுக்கும்.

பிள்ளைகள் வழக்கமாகக் குழம்புகிற ஓர் இடம் இருக்கிறது. இரட்டைப் பிணைப்பைச் சுற்றி அற்கைல் கூட்டங்கள் (மெதைல், எதைல் போன்றவை) கூடக்கூட ஐதரசனேற்ற வெப்பம் குறைகிறது. எதீனுக்கு 137, 1-பியூற்றீனுக்கு ஏறத்தாழ 127, சிஸ்-2-பியூற்றீனுக்கு 120, திரான்ஸ்-2-பியூற்றீனுக்கு 116. அதேபோலத் தாக்கவீதமும் குறைகிறது. இரண்டும் ஒன்றாகக் குறைவதால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. வெப்பம் குறைவது அற்கீன் ஏற்கெனவே உறுதியாக இருப்பதால். மூன்று பியூற்றீனும் போய்ச் சேருவது ஒரே பியூற்றேன் என்பதால், வெப்பத்தில் தெரிகிற வித்தியாசம் புறப்பட்ட இடத்தின் உயர வித்தியாசம். வீதம் குறைவது நெரிசலால். கூட்டங்கள் சூழ்ந்த இரட்டைப் பிணைப்பு உலோகத்தில் தட்டையாகப் படுக்கச் சிரமப்படுகிறது. ஒன்று ஸ்டேஷனின் உயரத்தைப் பற்றியது, மற்றது சுரங்கத்தின் வாசல் அகலத்தைப் பற்றியது. விடைத்தாளில் இந்த இரண்டையும் பிரித்து எழுதுகிற பிள்ளைக்கு விஷயம் விளங்கியிருக்கிறது என்று திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். பென்சீனையும் இப்படித்தான் அளந்தார்கள். சைக்கிளோஎக்சீன் ஒன்றுக்கு 120 என்றால் மூன்று இரட்டைப் பிணைப்புக்கு 360 வர வேண்டும், வந்தது 208 தான். குறைந்த 152 கிலோ யூல், இலத்திரன்கள் வளையம் முழுதும் பரவி நிற்பதால் பென்சீனுக்குக் கிடைக்கும் பரிவு உறுதி.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை இறக்கும்போது அதிலிருந்து வருகிற பச்சை வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஸ்டோரின் (தேயிலைத் தொழிற்சாலையின்) மேல்மாடியில் கொழுந்தை வாடப் போட்டிருக்கும்போதும் அந்த வாசனை இருக்கும். இலையின் மென்சவ்வுகளில் லினோலெனிக் அமிலம் இருக்கிறது, 18 காபன், மூன்று சிஸ் இரட்டைப் பிணைப்பு. இலை கிள்ளுப்பட்டதும் நொதியங்கள் அதை ஒட்சியேற்றி வெட்டுகின்றன. ஆறு காபனுள்ள துண்டு ஒன்று வருகிறது. அதிலிருந்து உண்டாவது சிஸ்-3-எக்சினோல். இலை அற்ககோல் என்றே இதற்குப் பெயர். வெட்டிய புல்லிலும் கிள்ளிய கொழுந்திலும் வாசனை தருவதில் இதற்குப் பெரிய பங்கு.

வாசனைத் தொழிலுக்கு இது தேவைப்படுகிறது. இலையைக் காய்ச்சி எடுத்துக் கட்டுபடியாகாது, செய்ய வேண்டும். எப்படிச் செய்வது? மூன்றாம் காபனில் மும்மைப் பிணைப்புள்ள 3-எக்சைனோலை எடுத்து, ஒரே ஒரு மூலக்கூறு ஐதரசனை மட்டும் சேர்க்க வேண்டும். அதுவும் ஒரே பக்கத்தால் சேர்க்க வேண்டும், அப்போதுதான் சிஸ் வரும். சாதாரண பலேடியத்தைப் போட்டால் அற்கீனில் நிற்காது, இன்னொரு ஐதரசனும் ஏறி 1-எக்சனோல் ஆகிவிடும், அந்தக் கொழுந்து வாசனை அப்படியே இருக்காது. இங்கேதான் லிண்ட்லர் வருகிறார். 1952 இல் ஹேர்பர்ட் லிண்ட்லர், கல்சியம் காபனேற்றில் ஏற்றிய பலேடியத்தை ஈய உப்பால் வேண்டுமென்றே நஞ்சூட்டினார், கூடக் குயினோலினும் சேர்த்தார். உங்கள் பாடத்தில் பேரியம் சல்பேற்றில் ஏற்றிய பலேடியமும் குயினோலினும் என்று வருவது இதே குடும்பத்தைச் சேர்ந்தது. லிந்துலை ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லிண்ட்லர் என்ற பெயர் லேசில் மறப்பதில்லை.

நஞ்சூட்டிய ஊக்கி எப்படி வேலை செய்யும் என்பதற்கும் அதே மேற்பரப்புத்தான் விடை. அற்கைன், அதாவது மும்மைப் பிணைப்புள்ள சேர்வை, உலோகத்தை அற்கீனைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அற்கைன் மிச்சமிருக்கும் வரை அது இடத்தைப் பிடித்துக்கொண்டு, உண்டான அற்கீனைத் தள்ளிவிடும். ஈயமும் குயினோலினும் மிஞ்சிய வீரியமான இடங்களை அடைத்துவிடுவதால், கழன்றுபோன அற்கீனுக்குத் திரும்ப வந்து உட்கார இடமில்லை. தேயிலையின் பூவாசனைக்குக் காரணமான லினலோல் என்ற அற்ககோலையும் தொழிற்சாலைகளில் இதே வழியில் அதன் அற்கைனிலிருந்து செய்கிறார்கள். திரான்ஸ் அற்கீன்தான் வேண்டும் என்றால் மேற்பரப்பை விட்டுவிட்டுத் திரவ அமோனியாவில் சோடியத்திடம் போக வேண்டும், அது வேறு பொறிமுறை.

இனித் தேங்காய் எண்ணெய். இல்லை தங்கச்சி, உங்கள் வீட்டுப் போத்தலில் நடப்பது ஐதரசனேற்றம் இல்லை, வெறும் உறைதல். எங்கள் லயத்து வீட்டிலும் தை மாதக் காலையில் போத்தல் வெள்ளைக் கட்டியாக நிற்கும். அம்மா அதை அடுப்படியில் சாய்த்து வைப்பார், பள்ளிக்கூடம் போகமுன் தலைக்கு வைக்கிற அளவுக்கு இளகிவிடும். சூட்டில் இளகி மறுபடி அதே எண்ணெயாகிறது என்பதே எந்தப் பிணைப்பும் மாறவில்லை என்பதற்குச் சாட்சி. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிரம்பிய கொழுப்பமிலங்கள். அதில் பாதியளவு 12 காபனுள்ள லோரிக் அமிலம். ஐதரசன் ஏற வேண்டிய இடமெல்லாம் தென்னையே நிரப்பித் தந்துவிட்டது. அது 24, 25 பாகையில் உருகும், நுவரெலியாக் குளிருக்கு உறையாமல் என்ன செய்யும்? பக்கத்தில் நல்லெண்ணெய்ப் போத்தலை வைத்துப் பாருங்கள், அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதில் பெரும்பகுதி ஒலெயிக், லினோலெயிக் அமிலங்கள். அவற்றின் சிஸ் இரட்டைப் பிணைப்பு சங்கிலியை முழங்கை போல வளைத்துவிடுகிறது. வளைந்த சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படாது.

ஐதரசனேற்றம் அந்த வளைவை நிமிர்த்துகிறது. 18 காபனுள்ள ஒலெயிக் அமிலம் 13 பாகையளவில் உருகும். ஐதரசன் ஏறி ஸ்டெயரிக் அமிலமானால் 69 பாகை. திரவ எண்ணெயை நிக்கலோடு கலக்கி ஐதரசனைச் செலுத்திக் கட்டியாக்கலாம் என்று ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மான் 1902 இல் காப்புரிமை பெற்றார். மாஜரினும் பேக்கரிக் கொழுப்பும் பெருகியது அதற்குப் பிறகுதான். முழுதாக ஏற்றினால் மெழுகு மாதிரி இறுகிவிடும், கேக்குக்கும் பணிஸுக்கும் ஆகாது. அதனால் பாதியில் நிறுத்தினார்கள். வந்த வினை அங்கேதான்.

பாதிவழி நிலையை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே. ஒரு ஐதரசன் ஏறியதும் இரட்டைப் பிணைப்பு ஒற்றையாகிவிடுகிறது, ஒற்றைப் பிணைப்பு சுழலும். மேற்பரப்பில் ஐதரசன் தட்டுப்பாடாக இருந்தால் இரண்டாவது ஐதரசன் கிடைக்காமல் மூலக்கூறு காத்து நிற்கும். பிறகு ஒரு ஐதரசனை நிக்கலிடமே திருப்பிக் கொடுத்து மறுபடி அற்கீனாகக் கழன்று போகும். ஆனால் இடையில் சுழன்றுவிட்டதால் இப்போது அது திரான்ஸ். சில சமயம் இரட்டைப் பிணைப்பு பக்கத்துக் காபனுக்கும் நகர்ந்துவிடும். சிஸ் ஒலெயிக் அமிலத்தின் திரான்ஸ் வடிவம் எலைடிக் அமிலம், 44 பாகையளவில் உருகும். வளைவு போய்விட்டதால் அதுவும் நேராக அடுக்கப்படுகிறது. இதுதான் திரான்ஸ் கொழுப்பு. எண்ணெயில் யாரும் கொண்டுவந்து கலக்கவில்லை, தாக்கத்தின் பாதிவழியிலிருந்து திரும்பி வந்தது. உயர்ந்த வெப்பநிலை, குறைந்த ஐதரசன் அமுக்கம் ஆகிய இரண்டும் அதைக் கூட்டும்.

இது கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது. டென்மார்க் 2003 இல் கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் தொழிற்சாலைத் திரான்ஸ் கொழுப்பு இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018 இல், 2023 ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் ஒழிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தது. எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. கடையில் மலிவான கொழுப்பில் பொரித்ததும் சுட்டதும்தான் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிறது. ஆகவே பொட்டலத்தைத் திருப்பி வாசியுங்கள். "பகுதியாக ஐதரசனேற்றப்பட்ட தாவர எண்ணெய்" என்று இருந்தால் அந்தப் "பகுதியாக" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. முழுதாக ஐதரசனேற்றிய கொழுப்பில் இரட்டைப் பிணைப்பே கிட்டத்தட்ட இல்லை, ஆகவே திரான்ஸும் இருக்க இடமில்லை. அது நிரம்பிய கொழுப்பு, அதை அளவோடு சாப்பிட வேண்டியது வேறு கதை.

நிக்கல், பலேடியம் எல்லாம் தாக்கியிலிருந்து வேறான திண்ம அவத்தையில் (நிலையில்) இருக்கும் பல்லின ஊக்கிகள். கரைசலில் கரைந்து வேலை செய்யும் ஏகவின ஊக்கிகளும் உண்டு. 1960களில் ஜெப்ரி வில்கின்சன் கண்ட ரோடியம் சேர்வை அதில் பெயர்பெற்றது. அங்கே மேற்பரப்புக்குப் பதில் ஒரே ஒரு உலோக அணு இரண்டு ஐதரசனையும் அற்கீனையும் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறது. அந்த அணுவைச் சுற்றி வலது, இடது பேதமுள்ள கூட்டங்களைப் பொருத்தினால் விளைவிலும் ஒரு கை வடிவம் மட்டும் பெறலாம். இதற்காக நோல்ஸும் நொயோரியும் 2001 இல் நோபல் பரிசு பெற்றார்கள். உங்கள் பரீட்சைக்கு இது தேவைப்படாது.

கடைசியாக ஒரு கணக்கு. பரீட்சைக்கும் உதவும், ஊருக்கும் பொருத்தம். ஐதரசனேற்றம் இரட்டைப் பிணைப்பை எண்ணுவதற்கும் ஒரு கருவி, ஏனென்றால் ஓர் இரட்டைப் பிணைப்புக்கு ஒரு மூலக்கூறு ஐதரசன். நியம வெப்ப அமுக்கத்தில் ஒரு மோல் வாயு 22.4 லீற்றர் என்று கொண்டால், 0.01 மோல் ஐதரோகாபன் 448 கன சென்ரிமீற்றர் ஐதரசனை எடுத்தால் அது 0.02 மோல், ஆக இரண்டு இரட்டைப் பிணைப்பு. நுவரெலியாக் கரட்டுக்கு நிறம் தரும் பீற்றா கரற்றீனில் 40 காபனும் 56 ஐதரசனும் உண்டு. 1928 இல் செக்மைஸ்டரும் கூட்டாளிகளும் கரற்றீனை ஐதரசனேற்றிப் பார்த்தபோது ஒரு மூலக்கூறு 11 மூலக்கூறு ஐதரசனை எடுத்துக்கொண்டது. ஆகவே 11 இரட்டைப் பிணைப்பு, ஏறிய ஐதரசன் அணுக்கள் 22. இப்போது மொத்தம் 78. ஆனால் 40 காபனுள்ள வளையமில்லாத அற்கேனில் 82 ஐதரசன் இருக்க வேண்டும். குறைகிற 4 எங்கே? வளையம் ஒன்று மூடும்போது இரண்டு ஐதரசனுக்கு இடமில்லாமல் போகும். ஆகவே இரண்டு வளையங்கள். மூலக்கூறின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஆறுகாபன் வளையம் இருப்பது பிறகு உறுதியானது. பதினொரு இரட்டைப் பிணைப்பும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடர்ந்து நிற்பதால்தான் கரட் செம்மஞ்சளாக இருக்கிறது. ஐதரசன் ஏறி முடிந்த பிறகு குடுவையில் மிஞ்சுவதற்கு நிறமே இல்லை.